கட்டளை சொன்ன பிறகு கண்கள் யாரைத் தேடுகின்றன?

கேள்வி: இராணுவத்தில் லெப்டினன்டாகப் பொறுப்பேற்று 8 மாதங்கள் ஆகின்றன. 32 பேர் கொண்ட பிளட்டூனுக்கு நான் தலைவி. அதில் பெண் நான் ஒருத்திதான். என்னுடன் பணியாற்றும் சார்ஜென்டுக்கு 18 ஆண்டு அனுபவம். நான் கட்டளை சொல்லி முடித்ததும் வீரர்களின் கண்கள் அவர் பக்கம் திரும்புகின்றன. அவர் தலையசைத்த பிறகுதான் வேலை நகர்கிறது. குரலை உயர்த்திப் பார்த்தேன், பலனில்லை. ‘பெண்ணால் தாக்குப்பிடிக்க முடியவில்லை’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சுமை நடையில் (முதுகில் பாரத்துடன் நெடுந்தூரம் நடக்கும் பயிற்சி) எப்போதும் முதல் ஆளாகப் போகிறேன். 3 வாரமாக இடது கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே இடத்தில் வலி, இரவிலும் விடுவதில்லை. மருத்துவரிடம் போகவில்லை. போன வாரம் ஒரு கார்ப்பரல் என் உடலைப் பற்றி என் காதுபட ஒரு வார்த்தை சொன்னார், சிரித்து மழுப்பிவிட்டேன். என்னை எப்படி ஏற்க வைப்பது? கடுமையாக மாறித்தான் ஆக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கால் வலியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். மற்றவை ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.

விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலிப்பதும், நடக்கும்போது மட்டும் இருக்க வேண்டிய வலி படுத்த பிறகும் தொடர்வதும், அழுத்த முறிவு எனப்படும் மயிரிழை விரிசலின் அறிகுறிகளாக இருக்கலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சில வாரங்கள் சுமையையும் ஓட்டத்தையும் நிறுத்தி வைப்பதிலேயே பெரும்பாலும் ஆறிவிடும். மறைத்து நடந்துகொண்டே இருந்தால் அது முழு முறிவாகி, மாதக்கணக்கில் உங்களைப் பிளட்டூனிலிருந்து பிரித்துவிடக்கூடும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதும் உண்டு என்பதால், ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பினாலும் வலி நிற்காவிட்டால் மறுபடி போய் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

இந்த வலிக்கும் மனவுறுதிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஆஸ்திரேலிய இராணுவத்தின் அனுபவமே போதும். அங்கே பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு இடுப்பெலும்பில் இத்தகைய விரிசல்கள் அடிக்கடி ஏற்பட்டன. அணிநடையின் வேகத்தைக் குறைத்து, எல்லோரும் ஒரே அடியளவில் நடக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் தளர்த்தியபோது, 100 பெண்களில் 11 பேர் என்றிருந்த பாதிப்பு ஒருவருக்கும் கீழே இறங்கியதாக 1990களின் இறுதியில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. உயரம் குறைந்தவர் உயரமானவரின் அடிக்கு ஈடாகத் தன் காலை நீட்டி நீட்டி வைக்கும்போது, ஒவ்வொரு அடியின் அதிர்வையும் எலும்புதான் வாங்குகிறது. பயிற்சிக்கு வந்தவர்களின் மனத்தை அங்கே யாரும் மாற்றவில்லை. நடக்கும் முறையைத்தான் மாற்றினார்கள்.

உங்கள் முதுகுச் சுமையையும் ஒருமுறை சரிபாருங்கள். அதன் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். நீண்ட உடல்வாகுக்காகத் தைத்த பை உங்களுக்கு அதற்குக் கீழே தொங்கினால் முழுப் பாரமும் தோளில் விழும். சிறிய அளவுப் பையைக் கேட்டு வாங்குவதைச் சலுகை என்று எண்ண வேண்டாம். சரியான அளவு பூட்ஸ் கேட்பது போன்றதுதான் அதுவும். பெண்ணுடலுக்கு ஏற்ற கவச உடை அமெரிக்க இராணுவத்திலேயே 2010களில்தான் களத்துக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அதுவரை எத்தனை பெண்கள் பொருந்தாத கவசத்தைத் தங்கள் உடலின் குறையாக எண்ணி வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. இன்னொன்று: செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப உண்ணாவிட்டால் மாதவிடாய் தடைப்படும், எலும்பும் பலமிழக்கும். 3 மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால், ‘பயிற்சியில் இதெல்லாம் சகஜம்’ என்ற பேச்சை நம்பாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீரர் ஒருவர் இப்படி 3 வாரம் வலியை மறைத்திருந்தால் நீங்கள் அவரைக் கண்டித்திருப்பீர்கள். மருத்துவர் சுமையைத் தவிர்க்கச் சொன்னால், அவர் தரும் சீட்டை அன்றே உங்கள் மேலதிகாரியான கம்பெனி கமாண்டரிடம் காட்டுங்கள்; பிளட்டூனிடம் நீங்களே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயிலிருந்து அவர்களுக்கு அது தெரிய வரக் கூடாது.

கால் ஆறிய பிறகும் முதல் ஆளாக நடக்கும் பழக்கத்துக்குத் திரும்ப வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் போகிறவருக்குப் பின்னால் வரும் 32 பேரின் கால்கள் தெரிவதில்லை. வழிகாட்டும் வேலையை, பிளட்டூனின் சிறு உட்குழுவான ஒரு செக்‌ஷனிடம் விட்டுவிட்டு வரிசையின் நடுவிலும் கடைசியிலும் நடந்து பாருங்கள். மணிக்கொருமுறை நிற்கும்போது நீங்கள் உட்காருவதற்கு முன், பூட்ஸைக் கழற்றச் சொல்லி, குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருக்கிறதா, ஈரக் காலுறையை மாற்றினாரா, தண்ணீர்ப் புட்டி குலுக்கினால் காலியாக ஒலிக்கிறதா என்று ஆளுக்கு ஆள் பாருங்கள். கொப்புளத்தை முதல் நிறுத்தத்திலேயே ஒட்டிவிட்டால் அவர் கடைசி வரை நடப்பார். யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்பதை வீரர்கள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். தன் காலைக் குனிந்து பார்த்த அதிகாரியை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

இனி, சார்ஜென்ட் பக்கம் திரும்பும் கண்கள். இதில் எவ்வளவு நீங்கள் பெண் என்பதால், எவ்வளவு நீங்கள் புதியவர் என்பதால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 18 ஆண்டு அனுபவமுள்ள சார்ஜென்ட் இருக்கும் பிளட்டூனுக்கு எந்தப் புது லெப்டினன்ட் வந்தாலும், அவர் ஆணாகவே இருந்தாலும், முதல் ஆண்டில் வீரர்களின் கண்கள் சார்ஜென்டைத்தான் தேடும். தங்கள் உயிரைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த பழகிய முகம் அது. இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினால், வீரர்கள் இரண்டு அதிகாரிகளுக்கு இடையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உண்டாகும். அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள், ஜெயிக்கவும் தேவையில்லை.

சார்ஜென்டைத் தனியே அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். நிலைமை, இலக்கு, செயல்படுத்தும் முறை ஆகிய மூன்றையும் நீங்கள் சொல்வீர்கள். தோட்டா, தண்ணீர், உணவு, காயம்பட்டவரை வெளியேற்றுவது ஆகியவற்றை அவர் சொல்வார். பல படைகளில் வேலை ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் ஓட்டை இருந்தால் அவர் கட்டளைக் கூட்டத்துக்கு முன்பே தயங்காமல் சொல்ல வேண்டும். அதை நீங்கள் கேட்டுத் திருத்துவீர்கள். கூட்டம் தொடங்கிய பிறகு இருவரும் ஒரே பேச்சுத்தான். இதைக் கெஞ்சலாகவோ எச்சரிக்கையாகவோ சொல்லாமல், ‘உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும்; அது எனக்கு எப்போது கிடைக்க வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம்’ என்ற தொனியில் சொன்னால், நல்ல சார்ஜென்ட் எவரும் புரிந்துகொள்வார். புது அதிகாரியை உருவாக்கி எடுப்பதில் பெருமை கொள்ளும் சார்ஜென்டுகள் நிறைய உண்டு. அவரும் நீங்கள் கேட்பதற்காகக் காத்திருக்கக்கூடும்.

கட்டளைக் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றமும் செய்யலாம். மணலில் வரைந்த மாதிரியைச் சுற்றி நின்று நீங்கள் பேசி முடித்ததும், ‘கேள்வி உண்டா?’ என்று கேட்டால் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தில்தான் கண்கள் சார்ஜென்டிடம் போகின்றன. அதற்கு இடம் கொடுக்காமல், ஒரு செக்‌ஷன் கமாண்டரைப் பெயர் சொல்லி அழைத்து, அவருடைய பணி என்ன, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், வானொலித் தொடர்பு அறுந்தால் என்ன செய்வார் என்று அவர் வாயாலேயே மாதிரியின் மேல் காட்டச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். அவர் பதில் சொல்லும்போது உங்களைப் பார்த்துத்தான் சொல்வார். இது வித்தை ஒன்றுமில்லை. உத்தரவு புரிந்ததா என்று அறிய எந்தத் தளபதியும் செய்ய வேண்டியதுதான்.

‘ஆண்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மாட்டார்கள்’ என்ற வாதம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. பெரும்பாலும் கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இன்னும் இல்லை என்று இந்திய அரசு முன்வைத்த காரணத்தை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று நிராகரித்து, பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்புகளுக்குப் பரிசீலிக்கப்படும் உரிமையும் உண்டு என்று தீர்ப்பளித்தது; 2023இல் பெண் கர்னல்கள் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்றார்கள். வீரர்களின் சார்பில் அந்த வாதத்தைப் பேசியவர்கள் வீரர்கள் அல்லர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடுமையாக மாற வேண்டுமா என்ற கேள்விக்கு, மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் என்ற அமெரிக்க அதிகாரியை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். 1945 பிப்ரவரியில், 26 வயதில், ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களைக் கொண்ட 6888ஆவது அஞ்சல் பட்டாலியனுடன் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்தார். ஜன்னல்களை மூடிக் கறுப்படித்த குளிர்ந்த கிடங்குகளில் கூரை வரை அடுக்கிய பைகளில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்த சுமார் 1 கோடியே 70 லட்சம் கடிதங்களும் பொதிகளும் தேங்கிக் கிடந்தன. பொதிகளுக்குள்ளிருந்த தின்பண்டங்களை எலிகள் தின்றுகொண்டிருந்தன. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்ததால், படை எண்ணைக் கொண்டு ஆளைப் பிரித்தறிய ஏறக்குறைய 70 லட்சம் அட்டைகளைப் பராமரித்தார்கள். 8 மணி நேரம் வீதம் 3 முறைப்பணியில் இரவு பகலாக வேலை நடந்தது. 6 மாதம் ஆகும் என்று மேலிடம் கணித்ததை 3 மாதத்தில் முடித்தார்கள்.

பார்வையிட வந்த ஒரு ஜெனரல், அணிவகுப்பில் எல்லோரும் ஏன் இல்லை என்று கோபித்தார். ஒரு பகுதியினர் வேலையில் இருக்கிறார்கள், ஒரு பகுதியினர் தூங்குகிறார்கள் என்று ஆடம்ஸ் விளக்கியும் கேளாமல், பிரிவை எப்படி நடத்துவது என்று காட்ட வெள்ளையரான ஒரு லெப்டினன்டை அனுப்புவதாகச் சொன்னார். ‘என் பிணத்தின் மேல்தான் அது நடக்கும், ஐயா’ என்றார் ஆடம்ஸ். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. தன் ஆட்களில் யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்பது அவருக்கு நுனிநாக்கில் இருந்தது. தூங்குகிறவர்களை ஒரு ஜெனரலுக்காக எழுப்பி நிறுத்த அவர் மறுத்திருந்தார். கோர்ட் மார்ஷல் (இராணுவ நீதிமன்ற விசாரணை) என்ற மிரட்டல் வந்தபோது அழுதுகொண்டோ ஆர்ப்பரித்துக்கொண்டோ இராமல், இனப் பாகுபாட்டை வலியுறுத்தும் பேச்சைத் தடைசெய்த மேலிட உத்தரவைத் தேடி எடுத்து, தன் அதிகாரிகளுடன் சேர்ந்து எதிர்ப்புகார் தயாரித்தார். விவகாரம் அத்துடன் கைவிடப்பட்டது.

அந்தக் கடுமை மேலே இருப்பவருக்கு எதிராக, தன் ஆட்களுக்காகப் பயன்பட்டது. உங்கள் வீரர்களிடம் நீங்கள் காட்ட வேண்டியது கடுமையைவிடச் சீரான நடத்தை. இன்றைக்கு மன்னித்த தாமதத்தை நாளைக்குத் தண்டிக்காதீர்கள். விடுப்பு விண்ணப்பம் உங்கள் மேசையில் இரண்டு நாள் கிடக்க விடாதீர்கள். சம்பளத்தில் பிடித்தம் தவறாகப் போனவருக்காக நீங்களே எழுத்தரிடம் போய் நில்லுங்கள். தோழமையாகப் பழகலாமா என்று தயங்க வேண்டாம், பழகலாம். ஆனால் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசாதீர்கள். மற்றபடி சுபாவத்தில் மென்மையாகப் பேசுகிறவர் என்றால் மென்மையாகவே பேசுங்கள். கடன் வாங்கிய குரலை வீரர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கார்ப்பரலின் பேச்சுக்கு வருகிறேன். ‘காதில் போட்டுக்கொள்ளாதே, இதையும் தாங்கினால்தான் படையில் இருக்க முடியும்’ என்று சொல்லும் மூத்தவர்கள், பெண்கள் உட்பட, உங்களுக்கு நிச்சயம் அமைவார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. குளிரையும் பசியையும் தூக்கமின்மையையும் எல்லோரும் சேர்ந்து தாங்குகிறீர்கள். அது பணியின் பகுதி. ஒருவரின் உடலை மட்டும் குறிவைத்து வரும் சொல் பணியின் பகுதி ஆகாது; அதைத் தாங்குவதால் யாருடைய திறனும் கூடுவதுமில்லை. நீங்கள் சிரித்ததில் குற்றமில்லை. எதிர்பாராத நேரத்தில் பலரும் அப்படித்தான் சிரித்துவிடுகிறார்கள். புகார் கொடுக்கும் உரிமை அந்தச் சிரிப்போடு போய்விடவில்லை.

இன்று இரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதி வைத்துவிடுங்கள். ‘தரக்குறைவாகப் பேசினார்’ என்று சுருக்காமல் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். பிறகு கார்ப்பரலைச் சார்ஜென்டின் முன்னிலையில் அழைத்து, உட்கார வைக்காமல், அவர் சொன்ன வாக்கியத்தை அவரிடமே திருப்பிச் சொல்லி, இது ஒழுங்குமீறல் என்றும், பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்றும், மேலே தெரிவிக்கப்படும் என்றும் மூன்று வாக்கியத்தில் முடித்து அனுப்புங்கள். விவாதத்துக்கு இடம் தர வேண்டாம். சார்ஜென்ட் அங்கே நிற்பது சாட்சிக்காக மட்டுமல்ல. பிளட்டூனின் ஒழுங்கில் அவருக்கும் பங்கு உண்டு என்பதற்காகவும்தான். அன்றைக்கே கம்பெனி கமாண்டரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேச்சோடு விட்டால் அது நடந்ததற்கு அடையாளமே இருக்காது. கார்ப்பரல் உங்களைவிடப் பதவியில் கீழே இருப்பதால்தான் நீங்களே அவரை அழைத்துக் கண்டிக்கச் சொல்கிறேன். அதுவே மேலதிகாரியாக இருந்தாலோ, கையை நீட்டும் அளவுக்குப் போயிருந்தாலோ நேருக்கு நேர் பேச முயலாமல் உடனே புகார் வழியில்தான் போக வேண்டும்.

கம்பெனி கமாண்டர் கையைப் பிசைந்துகொண்டு, ‘நல்ல பையன், இந்த ஒரு முறை விட்டுவிடுவோம்’ என்று சொல்லவும் கூடும். பல படைகளில் கட்டளைச் சங்கிலிக்கு வெளியே புகாரைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரியோ குழுவோ உண்டு. உங்கள் படையில் அது யார், அவருடைய அலுவலகம் எங்கே, தொலைபேசி எண் என்ன என்பதைக் கம்பெனி கமாண்டரிடம் போவதற்கு முன்பே விசாரித்து அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.