மகளோடு ஒரு நாள் ஆய்வகத்துக்குப் போய் வாருங்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பெண்ணின் முகம் மனதிலேயே நிற்கிறது. "நீட் எழுதட்டும், கிடைக்கலைன்னா பார்மசி, நர்சிங்னு பார்த்துக்கலாம். இவ ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. அதுக்கெல்லாம் ஸ்கோப் இருக்கா மேடம்?" என்று கேட்டீர்கள். அவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்று வெளியே நாலு குடும்பம் காத்திருந்தது. அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதை அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியை, அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். இருபது வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறீர்கள். புதுக் கம்பெனி பெயிண்ட் எடுப்பதற்கு முன்னால், அதை ஏற்கெனவே விற்றுப் பார்த்த இரண்டு கடைக்காரர்களிடம் விசாரிக்காமல் எடுப்பீர்களா? மகளின் படிப்புக்கும் அப்படி இரண்டு பேரிடம் விசாரியுங்கள். ஒருவர் பேராசிரியர். இன்னொருவர் பிஎச்.டி.யில் மூன்றாவது வருடம் படிக்கிற மாணவரோ மாணவியோ. இந்த இரண்டாமவரை விட்டுவிடாதீர்கள். பேராசிரியர் கரையேறிவிட்டவர். மூன்றாம் வருட மாணவி நடு ஆற்றில் நிற்கிறாள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத்தான் அந்த நிமிடத்தில் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் பிளஸ் டூ பிள்ளைகள் ஐந்து பேரை ஓர் உயிரியல் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓர் ஆய்வு மாணவி, ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் சின்னச் சின்னக் குப்பிகளை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் தன் நோட்டைத் திறந்து காட்டினார். மூலக்கூறுகளைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல் சோதனையின் படங்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, கீழே தேதி போட்டிருந்தார். "இந்த இடத்துல ஒரு கோடு தெரியணும். நாலு மாசம் தெரியவே இல்ல" என்றார். கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: சோதனைக்கு வேண்டிய என்சைமை, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதத்தை, அவர் வைத்திருந்த ஃப்ரீசர் தானாகப் பனியை உருக்கிக்கொள்ளும் வகை. அதற்காக அது அவ்வப்போது சூடேறி இறங்கியதில் என்சைம் வலுவிழந்துவிட்டது. வேறு ஃப்ரீசரில் வைத்த புது என்சைமைப் போட்டதும் கோடு வந்துவிட்டது. கூட வந்த பையன்களில் ஒருவனுக்கு அந்த நாலு மாதத்தைக் கேட்டதுமே முகம் வாடிவிட்டது. அவன் பக்கத்தில் நின்ற பெண்ணோ, "ஃப்ரீசர்தான் காரணம்னு எப்படிக்கா சந்தேகம் வந்துச்சு?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. பத்து கவுன்சிலிங்கில் நான் சொல்லிப் புரியவைக்க முடியாதது அது.

விஞ்ஞானிகளிடம் பேசும்போது அவர்கள் வந்த வழியைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். அது நேர்க்கோடாக இருப்பது அபூர்வம். நம் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஐடியிலும் வேலூர் சிஎம்சியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தார். அமெரிக்கா போய் 1976-இல் இயற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார். அப்புறம்தான் தன் மனம் உயிரியலில் இருப்பது அவருக்கு உறுதியானது. பட்டம் வாங்கிய பிறகும் கூச்சப்படாமல் சான் டியாகோவில் மறுபடி மாணவராக இரண்டு வருடம் உயிரியல் படித்தார். பிறகு பேராசிரியர் வேலைக்கு ஏறக்குறைய 50 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஒன்றும் அமையவில்லை. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1983 முதல் 1995 வரை வேலை பார்த்தார். உயிரணுக்களுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவும் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் பிடிக்கின்றன.

நோபல் பரிசை எண்ணி இதைச் சொல்லவில்லை. அந்த ஐம்பது விண்ணப்பங்களை நினைத்துச் சொல்கிறேன். அந்த மாதிரி வருடங்களை எப்படிக் கடந்தீர்கள் என்று நம் ஊர் விஞ்ஞானி ஒருவரிடம் கேட்டால், அவரும் மனம் திறந்து பேசுவார்.

பணத்தைப் பற்றிக் கேட்கத் தயங்கினீர்கள். கேட்க வேண்டிய விஷயம்தான். அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் நிறுவனங்களில், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. போர்டு தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்கப்புறம் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே பிஎச்.டி. காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: படிப்பு முடிய 23 வயது, பிஎச்.டி. முடிய 28 அல்லது 29, அதன்பின் இரண்டு மூன்று வருடம் முதுமுனைவர் ஆய்வு என்கிற தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர வேலை கைக்கு வர முப்பதைத் தாண்டிவிடும். பேராசிரியர் பணியிடங்களும் குறைவு. பலர் மருந்துக் கம்பெனி, காப்புரிமை, டேட்டா என்று போகிறார்கள். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு விருப்பமில்லை.

அதனால் பேராசிரியரிடம் அவள் கேட்க வேண்டிய கேள்வி: "உங்களிடம் பிஎச்.டி. முடித்த கடைசி நாலு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" ஆய்வு மாணவியிடம்: "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் அக்கா?" உங்களுக்கும் ஒரு கேள்வி தருகிறேன். "இதைத் தேர்ந்தெடுத்தபோது உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் அவள் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருங்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

எப்படிப் போவது என்றால், திண்டுக்கல்லிலிருந்து காரைக்குடி பக்கம்தான். அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி இருக்கிறது. செக்ரியை நடத்தும் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் தொடங்கிய நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி அதன் ஆய்வகங்களை மாணவர்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். தேதியைப் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை இன்னும் பக்கம். அங்கே போக முன்கூட்டியே மெயில் எழுத வேண்டும். துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவரும் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று போட்டிருக்கும். அவள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வேலையில் தனக்குப் புரிந்தது ஒன்றையும் புரியாதது ஒன்றையும் எழுதி, இருபது நிமிடம் கேட்கட்டும். பத்து வரி போதும். ஒரே மெயிலை முப்பது பேருக்கு அனுப்ப வேண்டாம். பார்த்த உடனே அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை.

மெயிலை அவளே எழுதட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. அனுப்பும் முன் எனக்கு ஒரு பார்வை காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மாதான் இருப்பேன்.