தரங்கம்பாடி முதல் வேப்பேரி வரை: கிறிஸ்தவ அச்சு ஊழியம் பற்றிய கேள்வி பதில்

கே: ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார். புதிய ஏற்பாடு அச்சாகி முடிய 1715 ஏன் ஆனது?

ப: மொழிபெயர்ப்பில் தாமதமே இல்லை. 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்துவிட்டார். இழுத்தடித்தது தளவாடம். லண்டன் எஸ்.பி.சி.கே. (கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம்) அச்சு இயந்திரம் அனுப்பியது. அந்தக் கப்பலை பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மீட்டு அனுப்பினால், கூட வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்து வரவில்லை. அது ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தது. அதுவும் பெரிய எழுத்து! அதிலேயே முழுவதும் அடித்தால் ஐரோப்பாவிலிருந்து வரும் காகிதம் கட்டுப்படியாகாது. அட்லர் என்ற ஜெர்மானியர் பக்கத்துப் பொறையாரில் சின்ன எழுத்து வார்த்தார். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன, மறுவருடம் மீதி. பொறையாரில் ஒரு காகித ஆலையும் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

கே: எழுத்தைச் சின்னதாக்குவது அவ்வளவு பெரிய வேலையா?

ப: கணக்குப் போடுங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறிய வடிவங்களைத் தனித்தனியாக வெட்ட வேண்டும், அது 72. புள்ளி வைத்த மெய் 18. இதுவே 121. துணைக்கால், கொம்பு, 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன் புழங்கிய பழைய ணா, றா, னா, லை வடிவங்கள், கிரந்தம் எல்லாம் இதற்கு மேலே. ஒவ்வொன்றுக்கும் எஃகு முனையில் எழுத்து வடிவம் செதுக்கி, செம்பில் அடித்துக் குழி எடுத்து, அதில் ஈயக் கலவை ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் முதலில் கெடுவது சுழி. ‘ண’வின் உள்வட்டத்தில் மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாக விழும். மையைக் குறைத்தால் மெல்லிய கோடு விழாது. தரங்கம்பாடிப் பழைய பதிப்புகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது; கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்புதான். சுவடி வழக்கம் அது. அச்சுக்காரருக்கும் அதனால் வேலை குறைந்தது.

கே: தமிழில் முதலில் அச்சான புத்தகம் சீகன்பால்குவின் வேதாகமம்தானே?

ப: இல்லை. தமிழ் எழுத்தில் முதலில் அச்சானது 1578, கொல்லம், சேசு சபை அண்டிரிக் பாதிரியாரின் பதினாறு பக்க ‘தம்பிரான் வணக்கம்’.

கே: தமிழ் அச்சுக்குத் தந்தை சீகன்பால்கு என்று பள்ளியில் படித்தோமே?

ப: மேலே இருக்கிறது. மூன்றாவது முறை கேட்டால் பதில் வராது.

கே: அப்படியானால் அண்டிரிக் பாதிரியாரின் பெருமையை லுத்தரன்கள் மறைத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? (உடனே இன்னொருவர்: பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு சண்டையா?)

ப: இருவருமே அவசரப்படுகிறீர்கள். பதினாறு பக்கத்தோடு அவர் நிற்கவில்லை. 1579-ல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586-ல் ‘அடியார் வரலாறு’. 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் சேசு சபையார் அச்சிட்டதுதான். முந்தியது அவர்கள்; இதில் வாதமே இல்லை. ஆனால் அந்த நூல்களுக்கு நடுவே எத்தனை வருட இடைவெளி பாருங்கள். தரங்கம்பாடிக்குப் பின்னால் மூன்று கை இருந்தது: கோபன்ஹேகனில் டென்மார்க் அரசர், ஹாலேயில் எழுத்தும் ஆளும், லண்டனில் இயந்திரமும் காகிதமும். அதனால்தான் 1719-ல் சீகன்பால்கு இறந்தபோது ரூத் வரைக்குமே வந்திருந்த பழைய ஏற்பாட்டை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்சே 1728-க்குள் முடிக்க முடிந்தது. யார் முதலில் என்பதை விட, ஆள் செத்த பிறகும் அச்சகம் எப்படி ஓடியது என்று கேளுங்கள்.

கே: சென்னை வேப்பேரி அச்சகம் போரில் கிடைத்தது என்கிறார்களே?

ப: ஆமாம். 1761-ல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலை வந்தால் அடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அங்கிருந்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779-ல் வேப்பேரியில்தான் வந்தது.

கே: கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் எப்போது?

ப: 1858-ல் பள்ளிப் புத்தகத்துக்காகத் தொடங்கிய சங்கம், 1891-ல் இந்தப் பெயர். ஜான் மர்டாக்கைத் தேடிப் படியுங்கள். தமிழ் அச்சு நூல்களுக்கு 1865-ல் பட்டியல் போட்டவர்.

கே: எங்கள் சபையில் துண்டுப்பிரதி அடிக்கப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

ப: ஏ4 தாளை மூன்று பங்காக இரண்டு மடிப்பு மடித்தால் ஆறு பக்கம். மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே விழட்டும், குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். பளபளப்பு ஆர்ட் தாள் வேண்டாம். சபை முத்திரை குத்தினால் மை காயாமல் இழுசும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள் போதும். ஆஃப்செட்டில் பிளேட் செலவு ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் ஒன்றுதான். நடுவில் பின் அடிக்கும் சிறுபுத்தகமானால் பக்கம் நான்கின் மடங்கு. வசன எண்களை எழுதியவரே சரிபார்க்கக் கூடாது.

கே: வீட்டில் பழைய வேதாகமம் இருக்கிறது. 1715 பதிப்பா? கிழிந்த பக்கத்துக்கு என்ன செய்வது?

ப: வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் செய்த தாளில் பெரும்பாலும் நெருக்கமான கோடுகளும் அவற்றின் குறுக்கே அகன்ற கோடுகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல், எழுத்தில் புள்ளியும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுக்கு இப்பால். செலோடேப் ஒட்டாதீர்கள், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும். லேமினேஷனும் கூடாது.

கே: விலை எவ்வளவு போகும்? டேப் ஏற்கெனவே ஒட்டிவிட்டோம்.

ப: விலை சொல்வதில்லை. டேப்பைப் பிய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வரும். அப்படியே எடுத்துக்கொண்டு சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரியுங்கள்.