கேள்வி – பதில்: சாமி இல்லாத கோயிலுக்கு ஏன் இத்தனை மவுசு?

கேள்வி: என் மகள் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் மலையைப் பற்றிப் படித்துவிட்டு, "பாதி இடிந்த கோயில், பூஜையும் கிடையாது, அதை ஏன் உலகமே கொண்டாடுகிறது? நம்ம கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இடிந்துதானே கிடக்கிறது?" என்கிறாள். என்ன சொல்வது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். அக்ரோபோலிஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர். நம்மூர்க்காரர்கள் அதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கி.மு. 480இல் பாரசீகர்கள் அங்கிருந்த கோயில்களைக் கொளுத்தினார்கள். அப்புறம் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் காலத்தில், கி.மு. 447இல், அதீனா தேவிக்குப் பார்த்தனான் கோயிலைத் தொடங்கினார்கள். பாரசீகரை எதிர்க்கவென்று கூட்டணி ஊர்கள் கொடுத்த பணத்தில் கோயில் கட்டலாமா என்று ஏதென்ஸிலேயே சண்டை நடந்தது.

என்னை அசத்தியது வேறு. செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி ஊரார் பார்க்க நிறுத்தினார்கள். பக்கத்திலுள்ள எரெக்தியான் கோயிலின் கணக்கில் தூணுக்குப் பள்ளம் செதுக்கியவர்களின் கூலியும் இருக்கிறது. குடிமகன், வெளியூரிலிருந்து வந்து தங்கியவன், அடிமை மூவரும் ஒரே வேலை செய்தால் நாளுக்கு ஒரே ஒரு திராக்மா, அதாவது ஒரு வெள்ளிக்காசு. அடிமையின் கூலி எஜமானுக்குப் போயிருக்கும், அது தனிக் கதை. கிரானைட் குவாரியில் கூலிக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அப்படி ஒரு கணக்கை ஊர் நடுவே வைக்க எந்த முதலாளிக்கும் தைரியம் வந்து பார்த்ததில்லை.

ஊரைப் பிடித்தவனெல்லாம் அந்தக் குன்றின் மேல் தன் அடையாளத்தை வைத்தான். பார்த்தனான் தேவாலயமாயிற்று, பிறகு மசூதியாயிற்று. 1687இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்தை அடுக்கி வைத்திருக்க, வெனிஸ் படை சுட்ட குண்டு அதில் விழுந்து நடுப்பகுதியே சிதறியது. 1941இல் அங்கே பறந்த நாஜிக் கொடியை மனோலிஸ் கிளேசோஸ், அப்போஸ்தோலோஸ் சாண்டாஸ் என்ற இரண்டு இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி இறக்கினார்கள். கிரேக்கர்களுக்கு அது சாமி இருக்கும் இடமாக மட்டும் இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பார்கள். ஒரு குறை: துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு, பழங்காலம் மட்டும் தெரிந்தால் போதும் என்று மசூதியையும் இடைக்காலக் கோபுரத்தையும் இடித்துவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

நம் கோட்டைக்கு வருவோம். 1791இல் ஆங்கிலேயப் படை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பிய மலை அது. மறுவருடம் உடன்படிக்கையில்தான் அவர்கள் கைக்குப் போனது. இதை மகளிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பாட்டிலோடு மேலே கூட்டிப் போங்கள்.

கேள்வி: உடைந்த தூண்களை எப்படி ஒட்டுகிறார்கள்? சிமெண்ட்டா?
– வாசகர், பர்கூர்

பதில்: அந்தக் கோயில்களில் கல்லுக்கு நடுவே சாந்தே கிடையாது. கல்லுக்குக் கல் இரும்புக் கவ்வி போட்டு, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈரம் உள்ளே போகாததால் இரும்பு துருப்பிடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தபோது ஈயத்தை விட்டுவிட்டு வெறும் இரும்பை வைத்தார்கள். துரு ஏறினால் இரும்பு பருக்கும், கல் வெடிக்கும். கல் வேலை தெரிந்த உங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. 1975க்குப் பிறகு அந்தக் கம்பிகளைப் பிடுங்கி, துருப்பிடிக்காத டைட்டானியம் வைக்கிறார்கள். குறைகிற இடத்துக்குப் பழைய கல் வந்த அதே பெந்தெலி மலையிலிருந்து புதுச் சலவைக்கல். பழையது தேன் நிறம், புதியது வெள்ளை. ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரியும். தெரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஆங்கிலேயத் தூதர் எல்ஜின் பிரபு பார்த்தனானிலிருந்து கொண்டுபோன சிற்பங்களை லண்டன் திருப்பித் தருமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: அவை இருக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொருட்களைச் சுலபத்தில் கைமாற்ற முடியாதபடி 1963இல் போட்ட சட்டத்தைக் காட்டுகிறார்கள். கிரேக்கர்களும் சளைக்கவில்லை; 2009இல் குன்றின் அடியில் புது அருங்காட்சியகம் திறந்து, லண்டனிலுள்ள துண்டுகளுக்குப் பதில் வெள்ளைச் சாந்து வார்ப்புகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். நியாயம் கிரேக்கர் பக்கம் என்பது என் கட்சி.