நுகர்வோர் கேள்வி-பதில்: சோலாருக்கு எந்த பிரேக்கர்?

2024 பிப்ரவரியில், வீட்டு மாடி சோலாருக்கு சப்சிடி தரும் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து சோலார் பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பேனல், இன்வெர்ட்டர் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்த வாரம் பிரேக்கர் மட்டும். எம்சிபி என்பதும் இதைத்தான்: மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் (டிரிப் ஆகும்) சுவிட்ச். சோலாரில் பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை டிசி பக்கம், இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு ஏசி பக்கம்.

எங்கள் வீட்டு சோலாரில் டிசி பக்கம் இருக்கும் எம்சிபி, ஃபேன், லைட் லைனில் இருப்பதைப் போலவே இருக்கிறது. சோலார்காரரைக் கேட்டால் "எம்சிபின்னா எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். சரியா? (திருப்பூர்)

தவறு. இன்றே மாடிக்குப் போய் பெட்டியைத் திறந்து, எதையும் தொடாமல், எம்சிபியின் முகத்தைப் படியுங்கள். "240/415" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலை போல நெளிந்த ஒரு கோடு இருந்தால் அது ஏசி எம்சிபி. டிசிக்கு உரியதில் மேலே ஒரு நேர்கோடும் அதன் கீழே துண்டு துண்டான கோடும் இருக்கும், அல்லது டிசி என்றே அச்சிட்டு 500, 550, 1000 என்று வோல்ட் போட்டிருப்பார்கள்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. எந்த பிரேக்கரைத் திறந்தாலும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு தீப்பொறி எழும். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அந்தப் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் பூஜ்யமே வராது. பொறியை இழுத்து, வெட்டி அணைக்க பிரேக்கருக்குள் தனி ஏற்பாடு வேண்டும்.

இது எனக்கு நேர்ந்தது. சில வருடங்களுக்கு முன் இணையத்தில் விலை மலிவாக ஒரு ரெடிமேட் டிசி பெட்டி வாங்கி மாட்டினேன். ஒரு நாள் மத்தியானம் பேனல் கழுவலாம் என்று லீவரைக் கீழே இறக்கினேன். "டப்" என்று நிற்க வேண்டியது, உள்ளே எண்ணெயில் எதையோ பொரிப்பது போல ஒரு சத்தம். லீவர் ஓரத்தில் நீல வெளிச்சம், பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஓடிப் போய் இன்வெர்ட்டரின் ஏசி சுவிட்சை அணைத்தேன். இன்வெர்ட்டர் மின்சாரம் இழுப்பதை நிறுத்தியதும் பொறி அணைந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது சாதாரண ஏசி எம்சிபி. பெட்டியின் மேல் மட்டும் "டிசி" என்று ஸ்டிக்கர். அன்று முதல் அணைக்கும்போது ஏசி முதலில், டிசி பிறகு. நீங்களும் அப்படியே செய்யுங்கள், சோலார்காரரிடம் சொல்லி உடனே மாற்றச் சொல்லுங்கள்.

டிசி எம்சிபி விலை மூன்று மடங்கு சொல்கிறார்கள். ஏசியிலேயே பெரிய ஆம்ப்ஸ் வாங்கிப் போட்டால் என்ன? (ஓசூர்)

போடக் கூடாது. 63 ஆம்ப்ஸ் வாங்கினாலும் அது ஏசி எம்சிபிதான்.

540 வாட் பேனல் ஆறு, ஒரே வரிசையில். டிசி, ஏசி இரண்டு பக்கமும் என்ன அளவு வாங்குவது? (கொடைக்கானல்)

பேனலின் முதுகில் ஒட்டிய தாளில் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ், ஷார்ட் சர்க்யூட் கரன்ட் என்று இரண்டு எண்கள் இருக்கும். இந்த அளவுப் பேனலுக்கு ஏறத்தாழ 50 வோல்ட், 14 ஆம்ப்ஸ். ஆறு பேனலுக்கு 300 வோல்ட். ஆனால் அந்த எண் 25 டிகிரி வெப்பத்துக்கானது. குளிர்ந்தால் வோல்ட் ஏறும், டிகிரிக்குக் கால் சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் ஊர் விடியற்காலைக் குளிரில் 315-ஐத் தாண்டலாம். ஆகவே 500 வோல்ட் அல்லது அதற்கு மேல் எழுதிய இரட்டைப் போல் (பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து அணைக்கும்) டிசி எம்சிபி வாங்குங்கள். ஆம்ப்ஸுக்கு 14-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 17.5, அடுத்த அளவு 20.

ஒன்றை மனதில் வையுங்கள். பேனல் லைன் ஷார்ட் ஆனால்கூட வருவது அந்த 14 ஆம்ப்ஸ்தான், 20 ஆம்ப்ஸ் பிரேக்கர் டிரிப் ஆகாது. ஒரே வரிசை இருக்கும் வீட்டில் இதன் வேலை, வெயிலிலும் பத்திரமாக அணைக்க ஒரு சுவிட்சாக இருப்பது. டிசி வோல்ட் எண்ணை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். சில எம்சிபிகளில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும், மாற்றிப் பூட்டினால் பொறி அணையாது. எப்படிப் பூட்டினாலும் சரியாக வேலை செய்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஏசி பக்கம் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றால் 13 ஆம்ப்ஸ் சொச்சம். 20 போதும், 4 ஸ்கொயர் எம்எம் ஒயரோடு.

தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஏசி எம்சிபி டிரிப் ஆகிறது. 3 கிலோவாட், 16 ஆம்ப்ஸ். கடைக்காரர் 32 போடச் சொல்கிறார். (மதுரை)

பெட்டி வெயிலில் இருக்கிறதா? எம்சிபியை 30 டிகிரிக்கு அளந்து செய்கிறார்கள். மதுரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 60-ஐத் தொட்டால், 16 ஆம்ப்ஸ் எம்சிபி அதற்கு முன்பே டிரிப் ஆகும். பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்குரூக்களை முறுக்குங்கள். அதன் பிறகும் டிரிப் ஆனால் 20 போடலாம், ஒயர் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு. 32 வேண்டாம். ஒயர் உருகும்வரை அது பேசாமல் இருக்கும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சோலாருக்கு இரண்டு லட்சம் கொடுத்தேன். கொட்டேஷனில், டிசி, ஏசி பிரேக்கர் பெட்டிகளுக்கு "டிசிடிபி, ஏசிடிபி: ஸ்டாண்டர்ட் மேக்" என்று மட்டும் இருந்தது. திறந்து பார்த்தால் பெயரே இல்லாத பிரேக்கர், டிசி குறியும் இல்லை. இப்போது போனே எடுப்பதில்லை. (விழுப்புரம்)

அம்மா, தவறு உங்களுடையது இல்லை. அந்த "ஸ்டாண்டர்ட் மேக்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பேனலுக்கு கம்பெனி பெயர் போடுகிறார்கள், இன்வெர்ட்டருக்கு மாடல் எண் போடுகிறார்கள். வீடு தீப்பிடிக்காமல் காக்கும் பொருளுக்கு மட்டும் "ஸ்டாண்டர்ட்"! அங்கேதான் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கிறார்கள், மாடியில் அடைத்த பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்ற தைரியத்தில். கொட்டேஷனில் கம்பெனி, மாடல், எத்தனை போல், எத்தனை டிசி வோல்ட், எத்தனை ஆம்ப்ஸ், சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் வோல்ட் எழுச்சியிலிருந்து காக்கும் கருவி) உண்டா, எல்லாம் எழுதித் தராதவரிடம் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் சோலாரை அணைத்து வையுங்கள். பிரேக்கரின் முகம் தெரிய போட்டோ எடுங்கள். கொட்டேஷன், பில் நகலோடு ஸ்பீட் போஸ்டில் விற்றவருக்குக் கடிதம் போடுங்கள், 15 நாள் கெடு வைத்து. சப்சிடி திட்டத்தில் போட்டது என்றால் 5 ஆண்டு பராமரிப்பும் அவர் பொறுப்பு, அதையும் எழுதுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் மறுபடி எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். பிரேக்கர் ஆறே மாதத்தில் போய்விட்டது. வழி உண்டா? (சேலம்)

இதே பத்தியில் எத்தனை முறை எழுதிவிட்டேன், பில் வாங்குங்கள் என்று! வாட்ஸ்அப் பேச்சு, முன்பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவு, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவை சாட்சியாகும். ஒன்றுமே இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டியதுதான். இந்த முறை பில்லோடு.

ஏசி எம்சிபியில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உண்மையா என்று எப்படித் தெரியும்? (நாகர்கோவில்)

முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அதை, ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் கம்பெனி பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கான லைசென்ஸ் என்பதெல்லாம் வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.