டப்பா வேண்டாம் ஆச்சி, நாற்காலி போதும்

தேவகோட்டையிலிருந்து 58 வயது ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். 9 வருஷமாகச் சுகர், மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 8.1 சதவீதம். மகன் சொன்னாரென்று காரைக்குடியில் ஒரு ஜிம்முக்குப் போயிருக்கிறார். "வெயிட் தூக்கினால் தசை வளரும், மெட்டபாலிசம் இரண்டு மடங்காகும், தூங்கும்போதும் கொழுப்பு எரியும், ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் மாஸ்டர். மூன்று டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?"

தசை தேவை ஆச்சி, கட்டாயம் தேவை. மாஸ்டர் சொன்ன காரணம்தான் தப்பு.

ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. நீங்கள் பாடுபட்டு 2 கிலோ தசை ஏற்றினாலும் (58 வயதில் அதுவே பெரிய காரியம்) கூடுதலாக எரிவது 26 கலோரி, அதாவது அரை இட்லி. இதை வைத்து மெட்டபாலிசம் இரண்டு மடங்காகும் என்று சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

தசையின் உண்மையான வேலை வேறு. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடும்போது, இன்சுலின் அதைக் கொண்டுபோய் வைக்கும் இடங்களில் ஆகப் பெரியது தசைதான். வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிர் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். குதிர் சுருங்கிவிட்டால் வந்து இறங்கும் நெல் முற்றத்திலேயே கிடக்கும், சர்க்கரை ரத்தத்தில் நிற்பதும் அப்படித்தான். அதோடு, தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே சர்க்கரை உள்ளே போக ஒரு வழி திறக்கிறது. ஒரு நாள் செய்த பயிற்சியின் பலன் ஒன்றிரண்டு நாள் நிற்கும், அதனால்தான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்கிறோம். எடை மெஷினில் முள் நகராவிட்டாலும் சுகர் இறங்கும்.

நாற்பதைத் தாண்டினாலே தசை மெல்லக் கரைகிறது, சும்மா உட்கார்ந்தால் வேகமாகக் கரைகிறது. என் கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்துக் கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொல்வேன். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு ஆச்சி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர், மூன்று தடவை முயன்றும் எழ முடியாமல் கடைசியில் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்தார். அவருடைய மருந்துச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கடைசி வரி "வாக்கிங் போகவும்". மாத்திரைக்கு ஒரு பக்கம், தசைக்கு ஒரு வரிகூடக் கிடையாது! இந்த நாட்டில் சுகருக்கு வைத்தியம் பார்க்கிற நாங்கள் இதைச் சொல்லித்தர நேரம் ஒதுக்குவதே இல்லை, அந்த இடைவெளியில்தான் டப்பா விற்கிறவர் புகுந்துவிடுகிறார்.

டப்பாவைப் பற்றி ஒன்று. விற்கிறவருக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கும், கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். உடம்பு வளர்க்கப் புரோட்டீன் பவுடரை நாட வேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. லேபிள் இல்லாமல் பாக்கெட்டில் கட்டித் தரும் பவுடரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தினமும் இரண்டு முட்டை, மதியம் மீனோ கோழியோ, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், இதிலேயே பெரும்பங்கு வந்துவிடும். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஜிம்களில் வைத்திருக்கும் அந்த உடம்பு அளக்கும் மெஷின்! ஏறி நின்றால் "உங்கள் உடம்பின் வயது 71" என்று சீட்டு அடித்துத் தரும். அது உடம்பில் லேசான மின்சாரத்தை விட்டு, நீர்ச்சத்தை வைத்துப் போடுகிற கணக்கு. தண்ணீர் குடித்திருக்கிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தே எண் மாறும். அதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம், தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். கிளிமிபிரைடு, உடம்புக்கு வேண்டுமோ வேண்டாமோ, இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். பயிற்சியும் சுகரை இறக்கும், அதுவும் அன்றைக்கு ராத்திரி தூக்கத்தில்கூட இறக்கும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசித்து, பேச்சு குழறினால் அது "களைப்பு" அல்ல, சுகர் இறங்கியிருக்கிறது. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிஷம் கழித்துச் சோதியுங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு, உங்களுக்கு உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பயிற்சி தொடங்கும் முன் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார். விழித்திரைப் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

டாக்டர் சரி என்றதும் வீட்டிலேயே தொடங்கலாம். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் கையூன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுங்கள், முடியாவிட்டால் தலையணை வைத்து உயரம் கூட்டுங்கள். தூணைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, முழங்கையை மடக்கித் தூக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது ஊதி விடுங்கள். வாரம் மூன்று நாள் போதும், பத்து சுலபமானதும் பன்னிரண்டு ஆக்குங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்னும் சுகர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையைப் பற்றிய பேச்சை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.