வாசகர் கேள்வி – பதில்: கரண்ட் வைக்கும் நாட்களில் வாயும் தொண்டையும்

கேள்வி: என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். 30-ல் 14 முடிந்திருக்கிறது. வாய் முழுக்கப் புண், தண்ணீர்கூட எரிகிறது. ‘ஒரு வாரம் நிறுத்திவிட்டு, ஆறியதும் போகிறேன்’ என்கிறார். நிறுத்தலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து அவராக நிறுத்த விடாதீர்கள். இடைவெளி விழுந்தால், மிஞ்சியிருக்கும் புற்றுசெல்கள் அந்த நாட்களில் வேகமாகப் பெருகும். ஒரு நாள் தள்ளிப்போனாலே நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. அவர் படும் வலி நிஜம். வாயின் உள்தோலைப் புதுப்பிக்கும் செல்களும் கதிரில் அடிபடுவதால்தான் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புண் கிளம்புகிறது. கடைசி கரண்ட் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அது கடுமையாகவே இருக்கும். ஆகவே, இன்று நிறுத்தினாலும் ஒரு வாரத்தில் முழுக்க ஆறிவிடாது.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டரில் உப்பு 1 டீஸ்பூன், ஆப்பசோடா 1 டீஸ்பூன் கலந்து தினமும் காலையில் புதிதாகத் தயாரியுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் வாயில் வைத்து மெதுவாக அலசித் துப்பட்டும். எரிந்தால் உப்பைப் பாதியாக்குங்கள். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். பல் துலக்கக் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் போதும்.

வலி மாத்திரையைத் தாங்க முடியாதபோது மட்டும் கொடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. டாக்டர் எழுதிய நேரப்படி கொடுங்கள். அதில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அமையட்டும். மார்ஃபின் எழுதினால், ‘கடைசிக் கட்டமோ’ என்று பயப்படாதீர்கள். அது வலியைத் தணித்துச் சாப்பிட வைப்பதற்கான மருந்து. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவியிருந்தால் சின்னச் சின்ன வாயாக விழுங்கட்டும், புரையேறலாம்.

நாக்கில் தயிர் திட்டுபோல வெள்ளை படிந்தால் சுரண்டாதீர்கள், அது பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீரே இறங்காமல் சிறுநீர் குறைந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: அப்பா 62 கிலோவிலிருந்து 56-க்கு வந்துவிட்டார். மூக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். கேப்பைக் கஞ்சி கொடுத்தால் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. – வாசகர், கடலூர்

பதில்: எடை இறங்கினால், கரண்ட் வைக்கும்போது முகம் அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும். முகம் அதற்குள் அசைந்தால் கதிர் குறி தவறும். மாஸ்க் தளர்ந்திருந்தால் டெக்னீஷியனிடம் இன்றே சொல்லுங்கள்.

கேப்பைக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதனால்தான் அடைப்பு. வெந்ததும் நீர்க்க ஆற்றி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, வெதுவெதுப்பாக ஏற்றுங்கள். ஆனால் வெறும் கஞ்சித்தண்ணீரில் சத்தில்லை. 56 கிலோ உடம்புக்கு நாளைக்குச் சுமார் 1,700 கலோரியும் 70 கிராம் புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் புரதம். எனவே பால் பவுடர், நன்றாக வேகவைத்து அரைத்த முட்டை, பொட்டுக்கடலை மாவு, ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். சர்க்கரை நோயோ கிட்னி கோளாறோ இருந்தால் அளவை டயட்டீஷியன் சொல்லட்டும்.

ஒரு வேளைக்கு 200 மில்லி, பகலில் இரண்டு இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்னும் பின்னும் 30 முதல் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். உட்கார வைத்துக் கொடுங்கள். முடிந்து ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துத் தனித்தனியாக விடுங்கள். பொடிக்கக் கூடாத மாத்திரைகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்தால் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெல்ல உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். கம்பி விடவே கூடாது.

மூக்கு ஓரத்தில் குழாயில் எந்த எண் தெரிகிறதென்று குறித்து வையுங்கள். அது மாறியிருந்தால் எதுவும் ஏற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் தடுக்காத வரை, தினமும் சில மடக்காவது வாயால் விழுங்கட்டும். வேலையில்லாத விழுங்கு தசைகள் இறுகிப்போகும்.

கேள்வி: கழுத்துத் தோல் கருத்து எரிகிறது. சந்தனம், மஞ்சள் பூசலாமா? – வாசகி, சேலம்

பதில்: வேண்டாம், பவுடர், விபூதியும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஐஸும் ஒத்தடமும் கூடாது. தாலிக்கொடி உரசும் இடத்தில்தான் தோல் முதலில் உரியும். இந்தச் சில வாரங்கள் அது பூஜையறையில் இருக்கட்டும். தோல் கசிந்தால் நர்ஸிடம் காட்டுங்கள்.

கேள்வி: கரண்ட் முடிந்து 2 வருடம் ஆகிறது. கடைவாய்ப் பல் வலிக்கிறது, பிடுங்கச் சொல்கிறார்கள். – வாசகர், தென்காசி

பதில்: பிடுங்கும் முன் கதிரியக்க டாக்டரைப் பாருங்கள். கதிர்பட்ட தாடையில், குறிப்பாகக் கீழ்த்தாடையில், ரத்தஓட்டம் குறைந்திருக்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருடமானாலும் இந்த ஆபத்து நீங்காது. கதிரின் அளவு எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பல் டாக்டரிடம் காட்டி, ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

எச்சில் குறைந்தவர்களுக்கு ஈறோரமாகச் சொத்தை விழும், ஃபுளோரைடு அதிகமுள்ள பேஸ்ட் எழுதி வாங்குங்கள். உங்கள் மூன்று விரல்கள் வாய்க்குள் நுழைகின்றனவா என்றும் பாருங்கள். நுழையாவிட்டால் தாடை இறுகுகிறது. வாய் திறக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். கழுத்திலும் கரண்ட் வைத்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கு டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.