எலியா, நோயாளியா?

கேள்வி: அக்கா, லோரி ஓட்டிய என் அப்பாவுக்கு வயது 67, நுரையீரல் புற்றுநோய். புது மருந்து ஆய்வில் சேரலாம் என்று சொல்லி டாக்டர் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்திருக்கிறார். "என்னை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் அப்பா. சேர்க்கலாமா?
- ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: சேர்க்கலாமா என்று அப்பாவைத்தான் கேட்க வேண்டும், தங்கச்சி. கையெழுத்து அவருடையது.

பினாங்கில் நான் தாதியாக இருந்தபோது இந்த 'எலி'யை அடிக்கடி கேட்டிருக்கிறேன். முதலில் அந்த ஆய்வு எத்தனையாவது கட்டம் என்று பாருங்கள். முதல் கட்டம் என்றால், உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. குணமாகிவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். மூன்றாம் கட்டம் என்றால், புது மருந்தை இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். சத்தில்லாத மாத்திரையைக் கொடுத்துச் சும்மா விட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நல்ல சிகிச்சை இருக்கும் நோய்க்கு, ஆய்வைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு அதற்கு ஒப்பாது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இன்று வீட்டிலேயே விழுங்கும் இமாட்டினிப் மாத்திரைகூட 1998இல் முதல் கட்டத்தில் தொடங்கியதுதான்; 2001இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். ஒரு பாட்டிக்கு மலாய்த் தாளைத் தமிழில் மளமளவென்று சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்றேன். தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். மறுவாரம் ரத்தம் எடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "வேண்டாம்னு சொல்லியிருந்தா டாக்டர் கோவிச்சிருப்பாராம்மா?" ஊசி என் கையிலேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது என்று அந்தத் தாளிலேயே இருந்தது. நான்தான் ஓட்டிவிட்டேன்.

அதனால் அன்றைக்கே கையெழுத்து வேண்டாம். தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்ப் பிரதி உண்டா என்று கேளுங்கள். அப்பாவால் படிக்க முடியாவிட்டால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும், அது விதி. பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்ற பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.

அப்புறம், நிலவேம்புக் கஷாயம் ஏதாவது குடிக்கிறாரா? டாக்டரிடம் மறைக்காதீர்கள். லிமாவ் பாலியும் (பம்பளிமாஸ் பழம்) சில மாத்திரைகளுக்கு ஆகாது. அந்தப் பழத்துக்குப் பேர்போன ஈப்போ பக்கம் லோரி ஓட்டியவர் என்றால் கட்டாயம் கேளுங்கள்!